அசூல் விசாரணைக்கு ‘கேஸ்’ விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: பிராங்பேர்ட்டில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்யும் பாகிஸ்தான் நண்பர், அகமதியா ஜமாத் என்ற மதப் பிரிவைச் சேர்ந்தவர். பத்து மாதமாக முகாமில் இருக்கிறார். வாரத்தில் இரண்டு மூன்று இரவு என் அறையில்தான் படுப்பார். இன்னும் மூன்று வாரத்தில் அவருக்கு அசூல் (அகதித் தஞ்சம்) விசாரணை. ஊரில் அவர் மீது வழக்கு இல்லை, அடிபட்டதும் இல்லை. “வழக்கு இல்லாமல் போனால் ரிஜெக்ட்தான்” என்று ஒருவர் 1,200 யூரோவுக்கு எஃப்.ஐ.ஆர். (பொலிஸ் முதல் தகவல் அறிக்கை) பிரதியும் எழுதிய கதையும் தருவதாகச் சொல்கிறார். கடவுச்சீட்டில் மதம் ‘இஸ்லாம்’ என்றிருப்பதால் அதை ஒளித்துவிடவும் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: வாங்க வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் போனது போகட்டும்.

அந்த ஆள் விற்பது உங்கள் நண்பருக்குத் தேவையே இல்லாத சரக்கு. பாகிஸ்தானில் 1974 அரசியலமைப்புத் திருத்தம் அகமதியர்களை முஸ்லிம் அல்லாதோர் என்றது. 1984 அவசரச் சட்டத்தின்படி, அவர்கள் தம்மை முஸ்லிம் என்று சொன்னாலோ மதத்தைப் பரப்பினாலோ மூன்று ஆண்டு வரை சிறை. ஜேர்மனியில் அசூல் கேட்ட இரண்டு அகமதியர்களின் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 செப்டெம்பரில் தீர்ப்புச் சொன்னது: “மதத்தை வெளியில் காட்டாமல் இரு, ஒன்றும் நடக்காது” என்று ஒருவரைத் திருப்பி அனுப்ப முடியாது. 2013 பெப்ரவரியில் லைப்சிக் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றமும் அதே வழியில் போனது. ஆனால் ஒரு கேள்வியைச் சேர்த்தது: மதத்தை வெளிப்படையாகக் கடைப்பிடிப்பது இந்த மனிதருக்கு உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா? ஜமாத் உறுப்பினர் என்பது மட்டும் அதற்குப் பதிலாகாது. அசூல் விசாரணை அதிகாரி மணிக்கணக்காகத் துருவுவது இதைத்தான்.

இப்போது அந்த எஃப்.ஐ.ஆருக்கு வருவோம். அதில் பொலிஸ் நிலையம், எண், தேதி, சட்டப்பிரிவு எல்லாம் இருக்கும். பாகிஸ்தானில் உள்ள சட்டத்தரணி ஒருவரை அனுப்பி அதைச் சரிபார்க்கத் தூதரகத்துக்கு வழி உண்டு. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், “பொலிஸ் வந்தபோது எங்கே இருந்தீர்கள்? யார் சொல்லித் தெரிந்தது? இந்தப் பிரதி எப்படிக் கைக்கு வந்தது?” என்று மூன்று கேள்வி போதும், மனப்பாடம் கலைந்துவிடும். கதை எழுதுகிறவர்களுக்கு ஜமாத்தைப் பற்றியே தெரியாது. “2015இல் ரப்வா வருடாந்த ஜல்சாவில் (மாநாட்டில்) தாக்கப்பட்டேன்” என்று எழுதிக் கொடுப்பார்கள். பாகிஸ்தானில் ஜமாத்தின் தலைமையிடமான ரப்வாவில் அந்த ஜல்சா கடைசியாக நடந்தது 1983இல். அதன் பிறகு அனுமதியே இல்லை. இந்த ஒரு வரி போதும், உண்மையாகச் சொன்ன மற்றதும் சேர்ந்து அடிபட்டுப் போகும். நம்மவர்கள் அசூல் கேட்டு வந்த காலத்திலும் ஒரே கதையைப் பெயர் மாற்றி விற்றவர்கள் இருந்தார்கள். அதிகாரிகளுக்கு அந்த வாசனை பழக்கம்.

அந்த நேரத்தை உண்மையை ஒழுங்குபடுத்தச் செலவிடச் சொல்லுங்கள். ஜமாத்தின் எந்த ஹல்காவில் (உள்ளூர்ப் பிரிவில்) இருந்தார், அதன் சதர் (தலைவர்) யார், இளைஞர் அமைப்பான குத்தாமில் என்ன பொறுப்பு, வருமானத்தில் பதினாறில் ஒரு பங்கான சந்தாவைக் கட்டினாரா, ரசீது உண்டா, இங்கே எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறார், ஊரில் செய்யப் பயந்து கைவிட்டது என்ன. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வீட்டுக்குள் ஒளிந்து கூடியது அவருக்குச் சாதாரணமாகத் தோன்றியிருக்கும். அதிகாரிக்கு அதுதான் கேஸ். பிராங்பேர்ட்டில் உள்ள ஜமாத் தலைமையகத்தில் உறுப்பினர் உறுதிக் கடிதத்துக்கு இன்றே எழுதிக் கேட்கட்டும். அவர்கள் ஊரில் விசாரித்துத்தான் தருவார்கள், நாளாகும்.

கடவுச்சீட்டு விஷயம் கொஞ்சம் சிக்கல், பொறுமையாகப் படியுங்கள். பாகிஸ்தான் கடவுச்சீட்டில் முஸ்லிம் என்று பதிய, ஜமாத் நிறுவனர் மிர்சா குலாம் அகமதை மறுக்கும் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். அதனால் “நம்பிக்கை உயிர் என்கிறீர்கள், இதில் எப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள்?” என்று நிச்சயம் கேட்பார்கள். ஒளித்தால் இரட்டைச் சிக்கல்: அடையாளத்தை மறைத்தார் என்ற குற்றச்சாட்டும் சேரும். கேட்கும் முன்பே அவராகச் சொல்ல வேண்டும்: எந்த ஆண்டு, படிவத்தை நிரப்பியது யார், உறுதிமொழியைப் படித்தாரா, படித்தும் நாட்டை விட்டு வெளியேறவே போட்டாரா, ஜமாத்தில் அதற்கு என்ன சொன்னார்கள். தெரிந்து போட்டவர் “தெரியாது” என்று சொல்லவே கூடாது. இப்படிப்பட்டவருக்கு ஜமாத் கடிதம் மற்றவர்களைவிட இரட்டிப்பு அவசியம்.

அன்று மொழிபெயர்ப்பாளர் பேசுவது புரியாவிட்டால் உடனே சொல்ல வேண்டும். கடைசியில் பதிவை அவருடைய மொழியில் திரும்ப வாசிப்பார்கள். எல்லாரும் களைத்து, வீட்டுக்குப் போனால் போதும் என்றிருக்கும் நேரம் அது. தேதி, பெயர் தவறாக இருந்தால் திருத்தாமல் கையெழுத்துப் போடக் கூடாது. “பிறகு நீதிமன்றத்தில் சொல்லிக்கொள்ளலாம்” என்பது தரகர் பேச்சு. பிந்திச் சொல்வதை ஏற்காமல் விடச் சட்டத்தில் இடம் உண்டு.

காரிட்டாஸ், டியாகொனி என்ற திருச்சபைத் தொண்டு நிறுவனங்களின் ஆலோசனை நிலையங்களில் இதெல்லாம் இலவசம். ஆனால் தவணை கிடைக்கவே வாரக்கணக்காகும். மாதக்கணக்கில் காக்கவைத்துவிட்டு, சட்டம் படித்தவனுக்கே புரியாத ஜேர்மன் மொழியில் கடிதம் போட்டுத் திடீரென்று வா என்றால், தரகர் பிழைக்காமல் என்ன செய்வான்? மூன்று வாரம்தான் இருக்கிறது. நாளைக் காலையே போய் நிற்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் அறையில் தங்குவது. முடிவு மஞ்சள் உறையில் வரும். வழக்கமாக மேல்முறையீட்டுக்கு இரண்டு வாரம். ‘வெளிப்படையாக ஆதாரமற்றது’ என்று தள்ளினால் ஒரு வாரம்தான். கெடு கடிதத்தின் கடைசிப் பகுதியில் இருக்கும். கடிதங்களை முகாம் நிர்வாகமே கொடுக்கும் இடமென்றால், அவர் எடுக்காவிட்டாலும், முகாமுக்கு வந்த மூன்றாம் நாளே கிடைத்ததாகக் கணக்கு. விசாரணை முடிந்ததும் தினமும் முகாமுக்குப் போய் அறிவிப்புப் பலகையைப் பார்க்கட்டும். வேறு முகாமுக்கு மாற்றினால் புதிய முகவரியை அவரே அகதிகள் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். உறையையும் எறிய வேண்டாம், தேதி அதில்தான் எழுதியிருக்கும்.