டைமிங் பெல்ட் மாற்றிய நாலே மாதத்தில் இன்ஜின் போய்விட்டது, செலவை யார் ஏற்பது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். தோட்ட ஆபீசில் கிராணி வேலை, 2010 மாடல் புரோட்டோன் சாகா. ஜனவரியில் டவுனில் உள்ள ஒரு பட்டறையில் டைமிங் பெல்ட் மாற்றியிருக்கிறார். பில்லில் ‘டைமிங் பெல்ட், பேரிங், டென்ஷனர் செட்’ என்று எழுதி 620 ரிங்கிட் வாங்கியிருக்கிறார்கள். மே மாதம் ஈப்போ போகும் வழியில் சிம்மோர் பக்கத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம், இன்ஜின் நின்றுவிட்டது. டோ டிரக் வைத்து ஈப்போவில் வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனால், அங்குள்ள போர்மேன் கவரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ‘பெல்ட் புதுசு, ஆனா டென்ஷனர் பழசு, பேரிங் இறுகிப்போச்சு, அதான் பெல்ட் பல்லு எல்லாம் உதிர்ந்திருக்கு, வால்வு வளைஞ்சிருக்கும்’ என்று சொல்லி 2,800 ரிங்கிட் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். முதல் பட்டறைக்காரரோ, ‘பெல்ட் மாத்தினேன், பெல்ட் நல்லாத்தான் இருக்கு, மத்ததுக்கு நான் பொறுப்பில்ல, பில்லிலேயே வாரண்டி கிடையாதுன்னு போட்டிருக்கு’ என்கிறாராம். அந்தப் பட்டறைக்காரர் இந்தச் சகோதரியின் அப்பாவோடு ஒரே தோட்டத்தில் வேலை செய்தவர், சின்ன வயதிலிருந்து அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவர். அப்பா ‘விட்டுரு’ என்கிறார். போலீசில் ரிப்போர்ட் செய்யலாமா, பேஸ்புக்கில் போடலாமா, கேஸ் போட்டால் வக்கீல் செலவே அதிகமாகிவிடுமா என்று கேட்கிறார்.

சகோதரி, முதலில் ஒரு அவசர விஷயம். ஈப்போ போர்மேன் வேலையைத் தொடங்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்னும் தொடங்கச் சொல்லாதீர்கள். இன்றைக்கே போன் செய்து, ஒரு ஆணியைக்கூடக் கழற்ற வேண்டாம், கழற்றியதை எதையும் வீச வேண்டாம் என்று சொல்லுங்கள், சொன்னதை வாட்சாப்பிலும் எழுதி அனுப்புங்கள். இந்த மாதிரி வழக்குகளில் சட்டம் பெரும்பாலும் வாடிக்கையாளர் பக்கம்தான் இருக்கும். ஆனால் கார் ரிப்பேராகி, பழைய சாமான் குப்பைக்கோ இரும்புக்கடைக்கோ போன பிறகு வந்து நின்றால், கையில் காட்ட ஒன்றும் இருக்காது. உங்கள் சொல்லுக்கு எதிராக அவர் சொல், அவ்வளவுதான்.

உங்கள் வழக்கு முழுக்க அந்த டென்ஷனரில்தான் இருக்கிறது. சாகாவில் இருப்பது கேம்ப்ரோ இன்ஜின், 16 வால்வு. கிராங்க் சுற்றும் வேகத்துக்கு வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வேண்டும், அதைப் பிடித்து வைத்திருப்பது அந்த ரப்பர் பெல்ட். பெல்ட் அறுந்தாலோ சில பல் தாண்டினாலோ திறந்திருக்கும் வால்வில் பிஸ்டன் மோதிவிடும். அதனால்தான் பெல்ட் மாற்றும்போது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றுவார்கள். பழைய பேரிங் இறுகினால் புதுப் பெல்ட்டும் தாங்காது. ஆக, ‘பெல்ட் புதுசுதானே’ என்று அண்ணன் சொல்வது பதிலே இல்லை. உங்கள் பில்லில் பெல்ட் மட்டும் இல்லை, டென்ஷனரும் இருக்கிறது. காசு வாங்கிவிட்டு அதை மாற்றவில்லை என்று நிரூபித்துவிட்டால், வேலையில் கவனக்குறைவு என்பதோடு, செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டியது என்ற இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது.

இங்கே நீங்களும் நேர்மையாக யோசித்துப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. வேலைக்கு விட்ட அன்று அவர் ‘பேரிங்கும் மாத்திடலாமா’ என்று கேட்டு, நீங்களோ அப்பாவோ ‘இப்போதைக்கு பெல்ட் மட்டும் போதும்’ என்று சொல்லியிருந்தால் கதை வேறு. பழைய வாட்சாப்பை எல்லாம் புரட்டிப் பாருங்கள். அப்படி ஒரு பேச்சு இருந்தால் அதை எதிர்த்தரப்பு கட்டாயம் எடுத்து வைக்கும். இல்லையென்றால் பில்லே உங்களுக்குப் போதுமான துணை.

சரி, ஆதாரத்துக்கு என்ன செய்வது? நேரில் ஈப்போ போங்கள். நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி ஒரு படம், மீட்டரில் ஓடிய கிலோமீட்டர் தெரிகிற மாதிரி ஒரு படம், அப்புறம் கவர் கழற்றிய நிலையில் இன்ஜின், எல்லாப் பக்கத்திலிருந்தும். டென்ஷனரைக் கழற்றும்போது வீடியோ எடுங்கள், போர்மேன் அதைக் கையால் சுற்றிக் காட்டட்டும், இறுகியிருப்பதும் கரகரவென்று அரைப்பதும் பதிவாகட்டும். துரு, காய்ந்துபோன கிரீஸ், விளிம்பில் ஒட்டியிருக்கும் பழைய ரப்பர் தூள், இதெல்லாம் நாலு மாதத்துச் சாமானில் இருக்காது. பெல்ட்டின் முதுகில் அச்சடித்திருக்கும் நம்பரையும், டென்ஷனரில் ஏதாவது குறி பொறித்திருந்தால் அதையும் கிட்டத்தில் எடுங்கள். பிறகு இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, தேதி எழுதி, போர்மேனையும் கையெழுத்துப் போடச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

அந்தப் போர்மேனிடம் பட்டறை முத்திரையோடு ஒரு கடிதமும் வேண்டும். ‘டைமிங் பிரச்சினை’ என்று ஒரு வரி எழுதிக்கொடுத்தால் பிரயோஜனமில்லை. எந்தத் தேதியில் கார் வந்தது, திறந்தபோது என்ன பார்த்தார், இன்ஜின் போனதற்கு அவர் கருத்தில் எது காரணம், ஏன் அப்படிச் சொல்கிறார், ஆயில் கசிவோ சூடேறியதோ வேறு காரணமாக இருக்க முடியுமா, எந்தெந்தச் சாமானுக்கு எவ்வளவு என்று பிரித்த எஸ்டிமேட், இத்தனையும் இருக்க வேண்டும். வால்வு ‘வளைஞ்சிருக்கும்’ என்ற ஊகம் போதாது, சிலிண்டரில் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்தோ, வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டைத் திறந்தோ உறுதி செய்ய வேண்டும். ஆனால் ஹெட்டைத் திறப்பதற்கு முன்னால் முதல் பட்டறைக்காரருக்குத் தகவல் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் வந்து பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் நல்லது. வராவிட்டால், வாய்ப்புக் கொடுத்தும் வரவில்லை என்பது உங்கள் கையில் இருக்கும்.

ஈப்போ பட்டறைக்காரர் செய்த வேலைக்குக் கூலி கேட்டால் அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சொல்லிச் செய்த வேலைக்குக் கூலி வரும்வரை காரைப் பிடித்து வைக்க 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 123ஆம் பிரிவு அவருக்கு உரிமை கொடுக்கிறது. கட்டிவிட்டு ரிசிட் வாங்கி வையுங்கள், அந்தத் தொகையையும் முதல் பட்டறைக்காரரிடம்தான் கேட்கப்போகிறோம்.

இப்போது சட்டம். நமக்கு வேண்டியது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். அதன் 53ஆம் பிரிவு, காசு வாங்கிச் செய்யும் எந்தச் சேவையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்கிறது. இதை யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை, பில்லில் எழுத வேண்டியதில்லை, சட்டமே கொடுக்கும் உத்தரவாதம் இது. பில்லின் அடியில் ‘வாரண்டி இல்லை’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். அதே சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்த உரிமைகள் போகாது. அந்த வரியைக் காட்டி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், மக்களும் நம்பித் திரும்பிவிடுகிறார்கள், எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம் இது.

வேலை சரியில்லை என்றால் என்ன கேட்கலாம் என்பது 60ஆம் பிரிவில் இருக்கிறது. சரிசெய்யக்கூடிய குறை என்றால் முதலில் அவரையே நியாயமான காலத்துக்குள் சரிசெய்யச் சொல்ல வேண்டும். அவர் மறுத்தால் அல்லது இழுத்தடித்தால், வெளியே சரிசெய்துவிட்டு நியாயமான செலவை அவரிடம் கேட்கலாம். அதோடு, அந்தத் தவறால் வரும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கக்கூடிய நஷ்டத்தையும் கேட்கலாம். டென்ஷனரை மாற்றாமல் விட்டால் இன்ஜின் போகும் என்பது பட்டறைக்காரருக்குத் தெரியாத விஷயமா என்ன?

இந்த வரிசையை மாற்றாதீர்கள். அவருக்கு வாய்ப்பே கொடுக்காமல் நேராக ஈப்போவில் 2,800 செலவழித்துவிட்டு பில்லை நீட்டினால், ‘என்கிட்ட கொண்டுவந்திருந்தா ஆயிரத்துல முடிச்சிருப்பேன்’ என்பார், அதற்குப் பதில் சொல்வது சிரமம். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் கொடுங்கள், மலாயில் எழுதுவது நல்லது, பின்னால் அப்படியே இணைக்கலாம். கார் நம்பர், வேலை செய்த தேதி, பில் நம்பர், கட்டிய தொகை, மே மாதம் நடந்தது, ஈப்போவில் கண்டது, இவற்றைச் சொல்லிவிட்டு, ‘14 நாளுக்குள் உங்கள் செலவில் சரிசெய்து கொடுங்கள், அல்லது ரிப்பேர் செலவையும் டோ செலவையும் கொடுங்கள், தவறினால் வெளியே சரிசெய்துவிட்டு நடுவர் மன்றத்தில் கோரிக்கை வைப்பேன்’ என்று முடியுங்கள். திட்டு, சாபம், பழைய கதை எதுவும் வேண்டாம். வாட்சாப்பில் அனுப்புங்கள், பில்லில் உள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அவர் அசையவில்லை என்றால் போக வேண்டிய இடம் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம், எல்லாரும் திரிபுனல் என்று சொல்வது இதைத்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு 50,000 ரிங்கிட் வரை இங்கே கோரலாம். பாரம் 1 நிரப்ப வேண்டும், கட்டணம் 5 ரிங்கிட். வக்கீல் செலவைப் பற்றிக் கேட்டீர்களே, விசாரணையில் வக்கீல் வைத்துக்கொள்ளவே அனுமதி இல்லை, உங்களுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. நீங்களே பேச வேண்டும். தோட்ட ஆபீசில் கணக்குப் பார்க்கிறவர், தாள்களைத் தேதிவாரியாக அடுக்கத் தெரிந்தவர், உங்களால் தாராளமாக முடியும். சம்பவம் நடந்து 3 வருடத்துக்குள் போட வேண்டும், ஆனால் அவ்வளவு நாள் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. பாரத்தில் ‘இன்ன அண்ணன் பட்டறை’ என்று எழுதிவிடாதீர்கள். பில்லில் உள்ள பதிவு எண்ணை வைத்து, வியாபாரங்களைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம்மில் தேடி, பதிவான பெயர் என்ன, தனிநபர் வியாபாரமா செண்டிரியான் பெர்ஹாட் என்கிற தனியார் கம்பெனியா என்று பார்த்து, அந்தப் பெயரிலேயே போடுங்கள். தப்பான பெயரில் வாங்கிய தீர்ப்பை வைத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பது?

தொகையைக் கேட்கும்போது நிதானம் வேண்டும். ரிப்பேர் செலவு, டோ டிரக், ஈப்போவில் திறந்து பார்த்த கூலி, டென்ஷனருக்கென்று வாங்கிவிட்டுப் போடாத காசு, கார் இல்லாத நாட்களில் வேலைக்குப் போன செலவு, இவை நியாயம். ஒவ்வொன்றுக்கும் ரிசிட் வேண்டும். 2010 காருக்குப் புத்தம்புது இன்ஜின் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். பழைய காரிலிருந்து எடுத்த ‘ஹாஃப்கட்’ இன்ஜின் போடுவது ஹெட் வேலையைவிட மலிவாக முடியும் என்றால் அந்த எஸ்டிமேட்டையும் வாங்கி வையுங்கள், கேட்பார்கள். மாதக்கணக்கில் வாடகைக் கார் எடுத்துவிட்டு முழுவதையும் கேட்பதும் நடக்காது, நஷ்டத்தைக் குறைக்க நீங்களும் முயற்சி எடுத்திருக்க வேண்டும்.

போலீஸ் ரிப்போர்ட் இதற்கு உதவாது, சிவில் விஷயம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். போடாத சாமானுக்குப் பில் போட்டதைப் பற்றி உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்கப் பிரிவில் தனியாகப் புகார் கொடுக்கலாம், பொய்யான தகவலும் ஏமாற்றும் நடத்தையும் அதே பயனீட்டாளர் சட்டத்தில் குற்றம்தான். ஆனால் அந்தப் புகாரால் உங்கள் பணம் திரும்பி வராது, பணத்துக்குத் திரிபுனல்தான் வழி. பேஸ்புக் வேண்டவே வேண்டாம். பட்டறைப் பெயரைப் போட்டு ‘ஏமாற்றுக்காரன்’ என்று எழுதினால் 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின்கீழ் அவர் உங்கள்மேல் வழக்குப் போட முடியும், சொன்னது உண்மை என்று நிரூபிக்கிற பாரம் அப்போது உங்கள் தலையில் விழும். உங்கள் பக்கம் இவ்வளவு ஆதாரம் இருக்கும்போது எதற்கு அவர் கையில் ஒரு பிடியைக் கொடுக்க வேண்டும்?

கடைசியாக, அப்பா. அவர் சங்கடம் புரிகிறது. கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் தினம் தினம் முகம் பார்க்கிற ஊர் அது. ஆனால் 2,800 ரிங்கிட் உங்கள் சம்பளத்தில் எத்தனை பங்கு என்பதையும் அவர் யோசிக்க வேண்டும். திரிபுனலில் கோரிக்கை வைப்பது கோர்ட்டில் சண்டை போடுவது போல இல்லை. அங்கேயே முதலில் சமரசம் செய்ய முயற்சி எடுப்பார்கள், இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் அதையே தீர்ப்பாகப் பதிவு செய்துவிடுவார்கள். அண்ணன் சாமான் செலவை மட்டும் கொடுக்கிறேன் என்றோ, மூன்று தவணையில் கட்டுகிறேன் என்றோ சொன்னால் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வார்த்தையை நம்பி வெளியிலேயே கை குலுக்கிக் கோரிக்கையை மீட்டுக்கொள்ளாதீர்கள். தொகை, தேதி எல்லாம் எழுதி அங்கேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். அப்படிப் பதிவான தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம், அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. தவணைக்குச் சம்மதித்தால் ஒவ்வொரு தேதியும் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.