தட்டின் இடப்பக்கம் மீந்த சோறு: பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதத்துக்கு முன் மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்து, இடது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது யாராவது பிடித்துக்கொண்டால் நடக்கிறார். பிசியோதெரபிஸ்ட் வாரம் மூன்று நாள் வருகிறார். சொல்லும் பயிற்சிகளை ஒழுங்காகச் செய்கிறார். ஆனால் குளிக்க, கழிவறை போக, சட்டை போட எல்லாவற்றுக்கும் அம்மாதான். மதியச் சோறு மட்டும் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதிலும் பாதியை வைத்துவிடுகிறார் என்று இப்போது அம்மா ஊட்டியே விடுகிறார். தெருமுனை டீக்கடைக்குத் தனியாகப் போய்வர வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஆசை. பயிற்சி நேரத்தைக் கூட்ட வேண்டுமா? எண்ணெய் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டால் சீக்கிரம் சரியாகுமா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: தட்டில் மீந்திருந்தது எந்தப் பாதி என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். இடப்பக்கப் பாதி என்று அவர் சொன்னால், உங்கள் கடிதத்திலேயே முக்கியமான செய்தி அதுதான். அப்பாவுக்குப் பசி குறையவில்லை. அந்தச் சோறு அங்கே இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

மூளையின் வலப்பக்கம் அடிபட்டவர்களில் பலருக்கு இது வருகிறது. கண் நன்றாகவே இருக்கும். ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுத்துக்கொள்ளாது. இடது கன்னத்தைச் சவரம் செய்யாமல் எழுந்துவிடுவார்கள். நடக்கும்போது இடது தோள் கதவு நிலையில் இடிக்கும். விருந்தில் இலை போட்டால் இடப்பக்கம் வைத்த உப்பும் ஊறுகாயும் தொடாமல் கிடக்கும்; 'உப்பே இல்லையே' என்று கோபித்துக்கொள்வார்கள். வீட்டில் இருப்பவர்கள் இதைப் பிடிவாதம் என்றோ மறதி என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டில் அது ஊட்டிவிடுவதில் போய் முடிந்திருக்கிறது. வலது கை நன்றாக இருக்கிற ஒருவருக்கு!

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். தட்டின் இடது ஓரத்தில் ஒரு பட்டையான சிவப்பு நாடாவை ஒட்டுங்கள். 'சிவப்பு தெரிகிறவரை பாருங்கப்பா' என்று மட்டும் சொல்லுங்கள். தட்டைத் திருப்பி வைத்தாலும் சாப்பிட்டுவிடுவார்தான். ஆனால் அவரே தலையைத் திருப்பித் தேடுவதுதான் பயிற்சி. பேசும்போது அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பேசுங்கள். டிவியையும் மெல்ல அந்தப் பக்கம் நகர்த்துங்கள். பார்வைப் புலத்தில் ஒரு பாதியே போய்விட்டாலும் இதே மாதிரிதான் தோன்றும். அதனால் கண் டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சரி, பயிற்சி நேரத்துக்கு வருகிறேன். பிசியோதெரபிஸ்ட் வீட்டில் இருப்பது முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மிச்ச நேரமெல்லாம் அப்பா கட்டிலிலும் நாற்காலியிலும் இருக்கிறார், வேலைகளை அம்மா செய்துவிடுகிறார். மூளை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதைத்தான் கற்றுக்கொள்ளும். படுத்துக்கொண்டு காலை 20 முறை தூக்கினால் காலைத் தூக்கத் தெரியும். நாற்காலியிலிருந்து எழுந்து கழிவறைக்குப் போய் வேட்டியை ஒதுக்கி உட்கார்வது அதனால் தானாக வந்துவிடாது. ஆகவே தனியாகப் பயிற்சி நேரத்தைக் கூட்டுவதைவிட, அன்றாட வேலைகளை அவரிடமே ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுங்கள் என்பேன். மூன்றாம் மாதம் அதற்கு நல்ல காலம். முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அப்புறம் வேகம் குறையும், கதவு மூடிவிடாது.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பெயரைக் கேட்டுவிட்டு, 'பையனுக்கு வேலை வாங்கித் தருவீர்களா' என்று கேட்டவர்கள் உண்டு. உடம்பை வேலைக்கு ஏற்ப மாற்ற முடிந்தவரை மாற்றுவோம். முடியாதபோது வேலையை உடம்புக்கு ஏற்ப மாற்றுவோம், அவ்வளவுதான் எங்கள் தொழில். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவை சிகிச்சையைக் கற்றுக்கொண்டு, தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சக்கர நாற்காலியில் இருந்தபடி சரிசெய்தார். பின்னால் அங்கேயே மறுவாழ்வு மருத்துவத் துறையையும் தொடங்கினார்.

எதில் ஆரம்பிப்பது? என்னைக் கேட்டால் கழிவறை. மனைவியோ மகளோ கூட நின்று செய்ய வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம்தான் பல ஆண்களை முடக்கிப் போடுகிறது. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் எழுந்து நிற்பதைச் சரியாகக் கற்றுக்கொள்ளட்டும். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்: அப்பா சாய்ந்து உட்கார்ந்திருப்பார், அம்மா முன்னால் நின்று அவருடைய இடது கையைப் பிடித்து இழுப்பார், இவர் பின்பக்கமாகவே சாய்வார். தயவுசெய்து அந்தக் கையை இழுக்காதீர்கள், அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கவும் வேண்டாம். தசை தளர்ந்த தோளில் மூட்டு எளிதில் இறங்கிவிடும். அப்புறம் வரும் தோள்வலி மாதக்கணக்கில் தூங்கவிடாது. முதலில் அவர் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து வரட்டும். இரண்டு பாதங்களையும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துத் தரையில் பதிக்கட்டும். இடது பாதத்தை வலது கையால் தூக்கி வைத்தாலும் சரி. பிறகு மூக்கு கால் விரல்களுக்கு நேராக வருகிறவரை முன்னால் குனிய வேண்டும். அந்த இடத்தில் இடுப்பு தானாக மேலே வரும். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் குனியவே மாட்டார். அதனால் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதில் கை ஊன்றிக் குனியச் சொல்லுங்கள். ஓடுகிற பஸ்ஸில் இரண்டு கையையும் விட்டுவிட்டு டிக்கெட் கிழித்தவருக்கு இது சீக்கிரம் பிடிபடும் என்று நினைக்கிறேன். துணைக்கு நிற்பவர் அவருக்கு இடப்பக்கம், அரையடி பின்னால் நிற்க வேண்டும். பிடிக்க வேண்டிய இடம் இடுப்பு. வேட்டிக்குக் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டை மாட்டிவிட்டால் நல்ல பிடி கிடைக்கும்.

தொய்ந்த கயிற்றுக் கட்டிலில் இருந்தோ தாழ்வான சோபாவில் இருந்தோ எழுவது நல்ல காலுள்ளவர்களுக்கே சிரமம். இருக்கை அவர் முழங்கால் உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். கழிவறை இந்திய முறை என்றால் அதன் மேல் வைக்கிற கமோடு சேர் மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. உட்கார்ந்த நிலையில் அவருடைய வலது கைக்கு எட்டும்படி சுவரில் கைப்பிடிக் கம்பி வைக்க ஒரு கொத்தனாரைக் கூப்பிடுங்கள். துண்டு போடும் கம்பி போதும் என்று நினைக்காதீர்கள். ஆள் கனத்துக்கு அது திருகோடு பெயர்ந்து வரும். கதவைச் சாத்தினால் போதும், தாழ்ப்பாள் வேண்டாம். உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளமாக வெளியே ஒரு துண்டைத் தொங்கவிடலாம்.

குளியலுக்கும் உட்கார்ந்துதான். லேசான பிளாஸ்டிக் நாற்காலி ஈரத் தரையில் வழுக்கும், காலில் ரப்பர் புஷ் மாட்டிய கனமான ஸ்டூல் நல்லது. தண்ணீர்ச் சூட்டை வலது கையால் பார்க்கச் சொல்லுங்கள். இடது பக்கம் உணர்ச்சி குறைந்திருந்தால் வெந்துபோவதுகூடத் தெரியாது. வலது கைக்கு யார் சோப்புப் போடுவது என்று கேட்பீர்கள். ஈரத்துண்டில் சோப்பைத் தேய்த்துத் தொடை மேல் விரித்துவிட்டால், அதன் மேல் வலது கையைத் தேய்த்துக்கொள்ளலாம்.

சட்டைக்கு ஒரே விதிதான்: போடும்போது இடது கை முதலில், கழற்றும்போது வலது கை முதலில். சட்டையை மடியில் விரித்து, இடது கையை முழுதாக நுழைத்துத் தோள்வரை ஏற்றிவிட்டு, பின்னால் சுற்றி வலது கையை நுழைக்க வேண்டும். ஒரு சைஸ் பெரிய சட்டையாக எடுங்கள். வேட்டிக்கு 'ஒட்டிக்கோ கட்டிக்கோ' இருக்கவே இருக்கிறது. கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி கட்டட்டும்.

இதற்கெல்லாம் நேரம் ஆகும். அம்மா ஐந்து நிமிடத்தில் குளிப்பாட்டிவிடுவார், அவரே குளித்தால் அரை மணி நேரம். காலை அவசரத்தில் இது நடக்காது, அதனால் குளியலை மாலைக்கு மாற்றிவிடுங்கள். அம்மாவிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அப்பா எந்த இடத்தில் முடியாமல் நின்றுவிடுகிறாரோ அங்கே மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். அப்புறமும் முடியாவிட்டால் அந்த ஒரு பட்டனை மட்டும் போட்டுவிடுங்கள், அடுத்ததை அவரிடமே விடுங்கள். பாசத்தைக் குறைக்கச் சொல்லவில்லை அம்மா. நீங்கள் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

எதையுமே செய்ய விருப்பமில்லாமல், பேச்சும் தூக்கமும் குறைந்து, அழுகை அடிக்கடி வந்தால் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. மருந்து இருக்கிறது, கேட்கும். டாக்டரிடம் சொல்லுங்கள்.

எண்ணெய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெதுவாகத் தடவிவிடுவதில் தவறில்லை. தோளை முறுக்கி இழுத்து நீவுவதும், சூடான ஒத்தடமும் வேண்டாம். எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் ரத்தக் கொதிப்பு மாத்திரையையும் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். வாய் கோணுவது, கை தொங்குவது, பேச்சுக் குழறுவது இவற்றில் ஒன்று திடீரென்று வந்தால், விட்டுவிட்டு வந்தாலும், உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

செலவு கையைக் கடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றி விசாரியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து பார்ப்பதும் உண்டு.

இனி டீக்கடை. வீட்டு வாசலிலிருந்து கடை பெஞ்சுவரை ஒருநாள் நீங்களே நடந்து பாருங்கள், வழியில் என்னென்ன இருக்கிறது என்று. வாசற்படி எத்தனை, சாக்கடை மூடி ஆடுகிறதா, பெஞ்சுக்கு முதுகு உண்டா? படிக்கு ஒரு கணக்கு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கைத்தடியும் வலுவில்லாத காலும் முதலில். தடி வலது கையில். செருப்புப் போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக இருக்க வேண்டும். செருப்பும் பின்வார் உள்ளதாக இருக்கட்டும். முதல் வாரம் வாசற்படியோடு நிறுத்துங்கள், அடுத்து பக்கத்து வீட்டுத் திண்ணைவரை, அப்புறம் கடை.

கடை எதிர்ப்பக்கம் என்றால் இப்போதைக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். நம் ஊர்ச் சாலையில் பாதியைத் தாண்டியதும் வண்டி வருவது இடப்பக்கத்திலிருந்துதான், அவர் பார்க்கத் தவறுகிற அதே பக்கம். தலையைத் திருப்பிப் பார்ப்பது பழக்கமாகி, நீங்கள் பலமுறை கூடப் போய்ப் பார்த்துத் திருப்தியான பிறகு அதை யோசிக்கலாம். வண்டி ஓட்டும் பேச்சு இப்போது வேண்டாம்.

தண்ணீர் குடிக்கும்போது இருமலோ புரையோ வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் விழுங்குவதைப் பரிசோதிக்காமல் டீ கூடாது. வரவில்லை என்றால், உட்கார்ந்து தடியைச் சாய்த்து வைத்த பிறகே கிளாஸைக் கையில் வாங்க வேண்டும். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், முக்கால் கிளாஸ், கொஞ்சம் ஆற்றி. காசை நீங்கள் கொடுத்துவிடாதீர்கள். சட்டைப் பையில் சில்லறையாகப் போட்டு அனுப்புங்கள், அவர் எண்ணிக் கொடுக்கட்டும். எத்தனை நேரம் ஆனாலும் சரி.