கார்த்திகைக்குப் பக்கத்தில் வந்த வால்மீன்

கேள்வி: 2018 டிசம்பர் 16 இரவு விர்ட்டனென் வால்மீன் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் வந்தபோது, எங்கள் வயல் வரப்பில் ஸ்டாண்டு போட்டு, 135 மிமீ லென்ஸில், நிலா மறைந்த பிறகு ஒரு மணி நேரம் விடாமல் படம் எடுத்தேன். கஜா புயல் அடித்து ஒரு மாதம், ஊரில் கரண்ட் வரவில்லை, அப்படி ஓர் இருட்டு. இப்போது அத்தனை படங்களையும் கம்ப்யூட்டரில் அடுக்கினால் நட்சத்திரமெல்லாம் ஊசிமுனை மாதிரி நிற்கிறது, வால்மீன் மட்டும் இழுபட்டிருக்கிறது. லென்ஸ் பழுதா ஐயா?
- ஒரு வாசகர், வேதாரண்யம் பக்கம்

பதில்: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, வால்மீன் ஓடியிருக்கிறது. அன்று அது பூமியிலிருந்து 1 கோடியே 16 லட்சம் கி.மீ. தூரத்தில்தான் போனது, வால்மீன்களுக்கு இது ரொம்பக் கிட்டம், அதனால் வானத்தில் ஒரு நாளைக்கு 4 டிகிரி அளவுக்கு நகர்ந்தது. நீங்கள் எடுத்த அந்த ஒரு மணி நேரத்தில் முழுநிலாவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. மென்பொருள் நட்சத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தும்போது இது இழுபடாமல் என்ன செய்யும்? கார்த்திகை இருப்பதோ சுமார் 440 ஒளியாண்டு தள்ளி. உங்கள் கேமராவில் விழுந்த வால்மீன் ஒளி 39 விநாடி முன்பு கிளம்பியது, கார்த்திகையின் ஒளி தஞ்சாவூரில் நாயக்கர்கள் ஆண்ட காலத்தில் கிளம்பியது. எனக்கு இதை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

சரி, படத்தைக் காப்பாற்றலாம். மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள். டீப்ஸ்கை ஸ்டேக்கர் என்ற இலவச மென்பொருளில் முதல் படம், கடைசிப் படம், ஆதாரமாக வைக்கும் படம் மூன்றிலும் வால்மீனின் நடுவைக் குறித்துக் கொடுத்தால், இடையில் உள்ளவற்றில் அது எங்கே இருக்கும் என்று படம் எடுத்த நேரத்தை வைத்து அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். கேமரா கடிகாரம் தப்பாக ஓடியிருந்தாலும் பரவாயில்லை, இடையில் மாற்றாமல் இருந்தால் போதும். நட்சத்திரத்துக்கு ஒரு முறை, வால்மீனுக்கு ஒரு முறை என்று தனித்தனியாகப் பொருத்தி ஒரே படமாக்கும் வசதியும் அதில் உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்த வால்மீனுக்கு ஒன்று சொல்கிறேன். நம் பக்கம் மார்கழிப் பனி வயலில் இறங்கும்போது மேலே பார்த்திருக்கும் லென்ஸில்தான் முதலில் படியும், அதற்குப் பிறகு எடுப்பதெல்லாம் மங்கல்தான். துணியால் துடைத்தால் ஃபோகஸ் நகர்ந்துவிடும். பவர் பேங்கில் ஓடும் சூடேற்றும் பட்டையை முதல் படத்துக்கு முன்னாலேயே லென்ஸைச் சுற்றிக் கட்டிவிடுங்கள்.