கேம்பர் ஜாக்கிக்குச் சக்கரமா, தட்டைப் பாதமா?

கேள்வி: கேம்பர் டிரெய்லரின் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள வண்டி) முன்பக்கத்தைத் தாங்கும் ஜாக்கிக்கு அடியில் சக்கரம் போடுவதா, தட்டைப் பாதம் போடுவதா?

பதில்: டிரெய்லரைக் கையால் தள்ளி நகர்த்துவீர்களா? சிமென்ட் தரையில் சிறிய வண்டியைத் திருப்பி நிறுத்தச் சக்கரம் உதவும். மற்றபடி பாதமே மேல். டிரெய்லர் எடையில் பொதுவாக 10 முதல் 15 சதவீதம் ஜாக்கியில்தான் இறங்கும். 1,500 கிலோ வண்டியென்றால் 150 முதல் 225 கிலோ. மணலிலும் ஈர மண்ணிலும் அந்தச் சுமையில் சக்கரம் புதைந்துவிடும். அப்படியே தள்ளினால் ஜாக்கிக் குழாய் வளையும். பாதத்துக்கு அடியில் கனமான பலகை வையுங்கள். சுமை பரவும், குழாயை அதிகம் நீட்ட வேண்டியதில்லை, ஆட்டமும் குறையும். எதைப் போட்டாலும், காரிலிருந்து கழற்றுமுன் டிரெய்லர் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்தே ஆகவேண்டும். அடிப்பகுதியைக் கழற்றி மாட்டும் வகை ஜாக்கியென்றால் சக்கரம், பாதம் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்; கிளம்புமுன் சக்கரத்தை எடுத்துவிடுங்கள், வேகத்தடையில் இடிக்கும்.