பவுடர் கோட்டிங்குக்குள் புதைந்த சேசிஸ் எண்

கேள்வி: அப்பா 1968-ல் வாங்கிய புல்லட் வீட்டில் இருக்கிறது. அவர் காலமாகி நான்கு வருடம், ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான். வண்டியைப் பழையபடி ஆக்கித்தர கோவையில் ஒரு பட்டறையில் 65,000 ரூபாய்க்குப் பேசி, 45,000 கொடுத்தேன். “பிரேம் கம்பெனியில் இருந்து வந்த கறுப்பு மாதிரியே வரும்” என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்கள். வந்ததோ பவுடர் கோட்டிங் (தூளைத் தூவிச் சுட்டு இறுக்கும் பூச்சு), பிளாஸ்டிக் போலப் பளபளக்கிறது. பிரேமில் பொறித்திருந்த சேசிஸ் எண்ணே தெரியவில்லை. கேட்டால், “அதனாலென்ன, புதிதாகப் பஞ்ச் அடித்துத் தருகிறோம்” என்கிறார்கள். மீதி 20,000 தராமல் டேங்க்கைத் தரமாட்டார்களாம். வழக்குப் போடலாமா? — வாசகர், ஈரோடு.

பதில்: போடலாம். ஆனால் முதலில் ஒரு வேலை: அந்த எண்ணில் யாரும் பஞ்ச் வைக்கக் கூடாது என்று பட்டறைக்கு இன்றே எழுத்தில் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்.

நீங்கள் பெயின்ட்டைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு எண்ணைப் பற்றித்தான் கவலை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 55(5) சொல்வது இது: வண்டியில் பொறித்துள்ள எஞ்சின் எண்ணோ சேசிஸ் எண்ணோ ஆர்.சி.யில் உள்ளதிலிருந்து வேறுபட்டால், உரிமையாளரின் விளக்கத்தைக் கேட்டுவிட்டு, ஆர்.டி.ஓ. பதிவை ரத்து செய்ய வேண்டும். பட்டறைக்காரர் அதே எண்ணைத்தான் அடிப்பார் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தின் அளவும் ஆழமும் வேறாக இருக்கும். ஆய்வாளர் கண்ணுக்கு அது திருட்டு வண்டி மாதிரித்தான் தெரியும். கம்பெனி கறுப்பை இன்னொரு முறை அடித்துக்கொள்ளலாம். அழிந்த எண்ணுக்கு மறுபடி உயிர் கொடுப்பது லேசில் நடக்காது.

நல்லவேளையாக, எண் அழியாமல் கோட்டிங்குக்கு அடியில் இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் கம்பெனியில் பூசிய ஸ்டவ் எனாமல் பெயின்ட் மெல்லிய படலம். அடுப்பில் சுட்டெடுத்தாலும் பஞ்ச் அடித்த எண் பளிச்சென்று தெரியும். பவுடர் கோட்டிங் சாதாரணமாகவே 60 முதல் 100 மைக்ரான் தடிமன் வரும், பள்ளத்தை நிரப்பிவிடும். எண் உள்ள இடத்தில் மட்டும் ரசாயன ரிமூவர் போட்டு எடுக்கச் சொல்லுங்கள் (தின்னருக்கு அது அசையாது). கிரைண்டர், எமரி எதுவும் அங்கே படக்கூடாது. பழைய பெயின்ட்டை எடுக்க மணலை வீசியடிக்கும் சாண்ட் பிளாஸ்டிங்கில் எண் உண்மையிலேயே தேய்ந்து போயிருந்தால், மறுபடி பொறிக்க ஆர்.டி.ஓ.விடம் விண்ணப்பித்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பழைய எஃப்.சி. காகிதங்களில் பென்சில் தேய்த்து எடுத்த சேசிஸ் பிரின்ட் கிடக்கிறதா என்று அப்பாவின் பெட்டியைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அது பெரிய துணை.

எண்ணைத் திறப்பதற்கு முன்பே பிரேமை எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். கோபத்தில் கோட்டிங் முழுவதையும் உரித்துவிட்டால், உங்கள் சாட்சியத்தையே உரித்துவிட்டதாக ஆகும்.

இப்போது காசுக்கு வருவோம். “நிறம் ஒத்துவரவில்லை” என்று மட்டும் வாதாடினால் நீங்கள் தோற்கக்கூடும். ஐம்பது வருடத்துக் கறுப்பு எப்படி இருந்தது என்பதில் ஆளுக்கொரு ஞாபகம் இருக்கும். ஆனால் செய்முறையே வேறு என்பது கண்ணால் காட்டக்கூடியது. கம்பெனி பெயின்ட் மாதிரி என்று சொல்லிவிட்டு, உங்களைக் கேட்காமல் பவுடர் கோட்டிங் போட்டது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி சேவைக் குறைபாடு. டூல் பாக்ஸின் உட்புறத்தில் பழைய பெயின்ட் மிச்சம் இருந்தால் அதைத் தொடாதீர்கள்; ஒப்பிட்டுக் காட்ட அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. தடிமன் அளக்கும் கருவி வைத்திருக்கும் ஒரு பெயின்ட் நிபுணரிடம் இரண்டையும் அளந்து அறிக்கை வாங்குங்கள். குரல் பதிவு உள்ள போனை மாற்றாதீர்கள். அதைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் வைக்க வேண்டும்.

பட்டறை கோவையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஈரோட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் தர வேண்டும். அதற்கு முன் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். இந்த அளவுத் தொகைக்குப் பல பட்டறைகள் அங்கேயே இறங்கி வந்துவிடும்.

டேங்க் விஷயத்தில் பட்டறைக்காரருக்கும் ஒரு சட்டப் பிடி இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஒப்பந்தச் சட்டம் 1872-ன் பிரிவு 170-ன்படி, உழைப்பும் திறமையும் செலுத்தியவர் கூலி வரும்வரை பொருளை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அந்த உரிமை, ஒப்படைத்த நோக்கத்தின்படி வேலை செய்தவருக்குத்தான். சொன்னதைச் செய்யாதவர் அதைக் காட்டி நிற்க முடியாது என்பது உங்கள் வாதம். டேங்க் அவசரமாக வேண்டுமென்றால், “ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்” என்று எழுதி, வங்கி வழியாக 20,000 அனுப்பி மீட்டுக்கொள்ளுங்கள். புகாரில் அதையும் சேர்த்துக் கேட்கலாம்.

ஆர்.சி.யை இப்படியே விட்டிருக்கக் கூடாது. உரிமையாளர் இறந்தால் 30 நாளில் தகவல் சொல்லி, மூன்று மாதத்தில் பெயர் மாற்றத்துக்கான படிவம் 31 கொடுத்திருக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் இவற்றோடு போங்கள். தாமதத்துக்கு அபராதம் இருக்கும். பதிவு புதுப்பித்திருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

2021-ல் வந்த விதிகளின்படி 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். சேசிஸிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது. பெயின்ட் மட்டும் அதைக் கெடுக்காது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பவானி வரை போய் வரும் ஆசை இருந்தால், சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.