சரிவுத் தோட்டத்தில் ஆடிக் காற்று: தகரம் அடித்து மறைக்கலாமா?

கேள்வி: நீலகிரியில் எமரால்டு பக்கம் எங்கள் வீடு. வீட்டுக்குக் கீழே சரிவில் 12 சென்ட் தோட்டம் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பள்ளத்திலிருந்து மேலேறி வரும் காற்றில் கொடி பீன்ஸ் குச்சியோடு சாய்கிறது. போன வருஷம் வைத்த பிளம்ஸ் கன்றுகளும் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. கீழ் எல்லையில் தகரம் அடித்துவிடலாம் என்கிறார் என் கணவர். செய்யலாமா?

பதில்: தகரம் வேண்டாம். காற்று தகரத்தில் முட்டி நின்றுவிடாது. மேலே எழும்பித் தாண்டி, பின்பக்கம் சுழன்று இறங்கும். அந்தச் சுழலில் சிக்கும் செடி, வேலியே இல்லாத இடத்துச் செடியைவிட அதிகமாக அடிபடும். உங்களுக்கு வேண்டியது காற்றை வடிகட்டும் தடுப்பு. பாதிக் காற்றை உள்ளே விட்டு மீதியைத் தடுத்தால் போதும். காற்றின் வேகம் பாதியானால் செடிமேல் விழும் அழுத்தம் கால்வாசியாகக் குறைந்துவிடும். 50 சதவீத நிழல் வலை இதற்குச் சரியாக இருக்கும்.

எங்கே கட்டுவது என்பதில்தான் சரிவு வேலையைக் காட்டும். சமவெளியில் ஆறடித் தடுப்பு ஐம்பது அறுபது அடி தூரம்வரைகூட ஓரளவு காக்கும். சரிவில் அந்தக் கணக்கு செல்லாது. உங்கள் தோட்டம் நாலடிக்கு ஓரடி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழ் எல்லையில் நிற்கும் ஆறடி வலையின் உச்சியும், அங்கிருந்து 24 அடி மேலே இருக்கும் மண்ணும் ஒரே மட்டம். அதற்கு மேலே உள்ள செடிகளுக்கு அந்த வலையால் பெரிய பயன் இல்லை. ஆகவே கீழே ஒரே உயர வேலி போடுவதைவிட, சரிவில் படிபோல வெட்டிய தட்டுகளில் ஒன்று விட்டு ஒன்றின் விளிம்பில் மூன்று நாலடி உயரத்தில் வலை கட்டுவது நல்லது. அதற்கு முன் பழைய சேலையைக் கிழித்து, முழங்கால் உயரத்திலும் மார்பு உயரத்திலும் குச்சிகளில் கட்டி, காற்றடிக்கும் நாளில் பாருங்கள். வீட்டின் மூலை, மண்சுவர் முடியும் இடம், இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள சந்து ஆகிய இடங்களில் காற்று குவிந்து வரும். முதல் வலை அங்கேதான் போக வேண்டும்.

வலையைக் காற்று வரும் பக்கமாகவே கம்பத்தில் பொருத்துங்கள். அப்போது காற்று வலையைக் கம்பத்தோடு சேர்த்து அமுக்கும். மறுபக்கம் கட்டினால் முழுப் பாரமும் கட்டுக்கம்பியில் விழுந்து, முதல் மழையிலேயே வலை கிழிந்துவிடும். வெறும் கம்பியில் கட்டாமல் ரீப்பர் பட்டை (மெல்லிய மரச்சட்டம்) வைத்து ஆணி அடித்தால் இன்னும் நல்லது. கம்பம் ஆறடிக்கு ஒன்று, மண்ணுக்குள் இரண்டடி. மழையில் ஊறிய மண் இளகும். அதில் மேலாக நட்ட கம்பம் நிற்காது.

இன்னொரு விஷயம், பலர் மறந்துவிடுவது. உங்கள் ஊரில் ஆடியில் காற்று என்றால் மார்கழி, தையில் உறைபனி. இரவில் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர்போலச் சரிவில் வழிந்து இறங்கும். குறுக்கே அடைப்பு இருந்தால் அதன் மேல்பக்கத்தில் தேங்கி, அங்கே நிற்கும் உருளையும் பீன்ஸும் கருகும். தகரம் வேண்டாம் என்பதற்கு இது இரண்டாவது காரணம். வலை என்றால் காற்றுக்காலம் முடிந்ததும் அக்டோபரில் சுருட்டி வைத்துவிடலாம். நிரந்தர உயிர்வேலிதான் வேண்டுமென்றால், கவாத்து செய்யாமல் ஆளுயரம் வளரவிட்ட தேயிலையே போதும். ஆனால் வரிசையை முழுக்க மூடாமல், மிகத் தாழ்வான மூலையில் மூன்றடி இடைவெளி விடுங்கள், பனி வடிந்து போகட்டும்.

இனி பிளம்ஸ். சாய்ந்த கன்றின் அடியைக் குனிந்து பாருங்கள். தண்டு ஆடி ஆடி, மண்ணில் புனல்போல ஒரு குழி விழுந்திருக்கும். மழைநீர் அதில் தேங்கினால் அடித்தண்டு அழுகும். மண் சேறாக இல்லாத ஒரு நாளில் கன்றை மெதுவாக நிமிர்த்தி, குழியை மூடி, குதிகாலால் மிதித்து இறுக்குங்கள். முட்டுக்கோலைக் காற்று வரும் பக்கம் அடித்து, கன்றின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் மட்டும், பழைய சைக்கிள் டியூப் துண்டால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். உச்சிவரை இறுக்கிக் கட்டுவது நம் ஊர் வழக்கம். அப்படிக் கட்டிய கன்று அசையவே முடியாது, அதனால் தண்டு பருக்காது. கோலை எடுத்த அன்றே சாயும். மேல்பாகம் கொஞ்சம் ஆடட்டும். இரண்டு வருஷத்தில் கோலை எடுத்துவிடலாம்.

பீன்ஸ் வரிசைகளைக் காற்றுக்கு நேராகத் திருப்பச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். உங்கள் தோட்டத்தில் அது மேலிருந்து கீழாக வரிசை போடுவதாகும். ஒரு மழைக்காலத்தில் மேல்மண் முழுக்க ஓடையில் இறங்கிவிடும். வரிசை குறுக்காகவே இருக்கட்டும். ஜூன், ஜூலையில் கொடி பீன்ஸுக்குப் பதில் செடி பீன்ஸ் போடுங்கள். கொடிதான் வேண்டுமென்றால் இரண்டு வரிசைக் குச்சிகளை உச்சியில் சேர்த்துக் கூடாரம்போலக் கட்டி, மேலே ஒரு நீளக்கோல் ஓட்டுங்கள். கேரட், பீட்ரூட் பற்றிக் கவலை வேண்டாம். உருளைக்கு மண் அணைத்தால் போதும்.

தடுப்புக்காக சில்வர் ஓக் வைக்கும் எண்ணம் இருந்தால், வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். அதன் கிளைகள் படக்கென்று ஒடிபவை. ஏற்கெனவே மேட்டில் சீகை (வாட்டில்) மரம் நின்றால் வேரைப் பாருங்கள். மேலோட்டமாக வேரோடும் மரம் அது, ஊறிய சரிவில் வேரோடு சாயும். ஆனால் நீங்களாக வெட்டிவிடாதீர்கள். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-இலிருந்து இருக்கிறது, சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். மனுவைக் கோடையிலேயே கொடுத்துவிடுங்கள்.