சுட்ட கதையா, சுடாத கதையா?

கேள்வி: எங்க மாமியார், இந்திக்காரங்கதான் நம்ம பாக்கியலட்சுமி சீரியல சுட்டு அனுபமான்னு எடுத்தாங்கன்றாங்க. நாத்தனார், இல்ல நாமதான் அவங்ககிட்டேந்து சுட்டோம்ன்றா. டெய்லி ராத்திரி சோறு போடும்போது இதே சண்டை. தீர்ப்பு சொல்லுங்க.
- ஒரு மருமகள், தண்டையார்பேட்டை

பதில்: ரெண்டு பேரும் தோத்தாங்க. ரெண்டுக்கும் தாய்வீடு பெங்கால். 2019ல ஸ்டார் ஜல்சான்ற பெங்காலி சேனல்ல வந்த ஸ்ரீமோயி சீரியல்தான் அது, எழுதுனவங்க லீனா கங்கோபாத்யாய். அதே நெட்வொர்க்தான் 2020ல தமிழ்லயும் இந்தியிலயும் ரீமேக் எடுத்துச்சு, இதுல திருட்டுக்கு வேலையே இல்ல. நம்ம சரக்கும் வெளிய போயிருக்கு, 2018ல இங்க ஆரம்பிச்ச பாண்டியன் ஸ்டோர்ஸ் தெலுங்குல வதினம்மா, மலையாளத்துல சாந்த்வனம், இந்தியில பாண்டியா ஸ்டோர்னு ஊர் ஊரா கடை தொறந்துச்சு. இத மாமியார்கிட்ட மட்டும் சொல்லுங்க.

கேள்வி: நீங்க எழுதறதே குமுதம் அரசு பதில்கள் மாதிரி கீதே, இது இன்னா கணக்கு?
- வியாசர்பாடி வாசகர்

பதில்: அத படிச்சு வளந்தவன்தான், மறைக்கல. கேள்வி-பதிலுக்கு எவனும் பட்டா வாங்கல. அவங்க ஜோக்க எடுத்து என் ஜோக்குன்னு போட்டா அன்னிக்கு வந்து சட்டைய புடிங்க.

கேள்வி: பழைய சீரியல் சீன அப்படியே எடுத்துட்டு கேட்டா ட்ரிப்யூட்ன்றானுங்க. நாங்க ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சு டீக்கடையில கத்திக்கினு கீறோம். எது மரியாதை, எது திருட்டு?
- காலடிப்பேட்டை பசங்க

பதில்: மொதல்ல கரு வேற, சீன் வேற. புருஷன் இன்னொருத்திகிட்ட போறான், பொண்டாட்டி நியாயம் கேட்டு எழுந்து நிக்கறான்றது இளங்கோவடிகள் காலத்து சரக்கு, அதுக்கு ராயல்டி கேக்க யாரும் இல்ல. சட்டமும் இதேதான். ஆர்.ஜி. ஆனந்த்னு ஒருத்தர், என்னோட ஹம் ஹிந்துஸ்தானி நாடகத்த நியூ டெல்லின்னு படமா சுட்டுட்டாங்கன்னு கேஸ் போட்டு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனாரு, 1978ல தோத்தாரு. கருவுக்கும் கதைப்போக்குக்கும் காப்பிரைட் கெடையாது, அத நீ எப்படி சொன்னியோ அதுக்குத்தான்னுட்டாங்க. எப்படி கண்டுபுடிக்கறதுன்னும் ஒரு வழி சொன்னாங்க, ரெண்டையும் பாத்த ஆளுக்கு இது அதோட காப்பிதான்னு சந்தேகமே இல்லாம தோணுதான்னு பாருன்னு. ஆக ஜட்ஜு சீட்டு உங்க டீக்கடை பெஞ்சுதான்.

நம்ம பக்கம் சாவு வீட்டுல கானா பாடறவங்கள பாருங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச சினிமா மெட்டா எடுப்பாங்க, ஆனா செத்தவர் பேரு, அவரு ஓட்டுன வண்டி, கடன் சொன்ன கடைன்னு எல்லாம் உள்ள வந்துடும், மெட்டு எதுன்னு கூட்டத்துக்கு தெரிஞ்சாத்தான் பாட்டே எடுபடும். லொள்ளு சபாவும் அப்படித்தான், ஒரிஜினல் படம் பாக்காதவனுக்கு பாதி காமெடி புரியாது. சுட்டவனுக்கு பயமே வேற, ஒரிஜினல பாத்தவன் எவனாவது டிவி முன்னாடி ஒக்காந்துருக்கானோன்னு.

இன்னும் கிட்ட போய் பாப்போம். ஒரு சீன்ல அண்ணி காப்பி டம்ளர வச்சுட்டு திரும்பிப் பாக்காம போறா, டம்ளர் மட்டும் க்ளோசப், அப்புறம் “ஆறிடும்”னு ஒரு வார்த்தை, அவ்ளோதான்னு வைங்க. இன்னொரு சீரியல்ல அதே டம்ளர், அதே க்ளோசப், அதே “ஆறிடும்” வந்தா ஈயடிச்சான் காப்பி. டம்ளர் கலர மாத்தி பட்டி டிங்கரிங் பாத்தாலும் காப்பிதான். ஆனா இந்த அண்ணி வச்ச டம்ளர திரும்ப எடுத்து தானே குடிச்சுட்டு போறான்னா, அது பழைய சீனுக்கு பதில் பேசுது, அதுக்கு நான் கைதட்டுவேன்.

ஒண்ணு மட்டும் கேக்கறேன், கோச்சுக்காதீங்க. இதுக்காக இவ்ளோ சண்டை போடறீங்களே, அந்த பழைய சீன எழுதுன வசனகர்த்தா பேரு உங்க ரெண்டு கோஷ்டியிலயும் ஒருத்தனுக்காவது தெரியுமா? டைட்டில் ஓடும்போது எல்லாரும் தண்ணி குடிக்க எழுந்து போயிடறோம்.

கேள்வி: கல்யாண மண்டபத்துல “நிறுத்துங்க!”ன்னு கத்தற சீன யாரு மொதல்ல வச்சது?
- ராயபுரம் வாசகி

பதில்: தெரிஞ்சு இன்னா பண்ணப் போறீங்க, அத திருடுனா திருடுனவனுக்குத்தான் நஷ்டம்.

கேள்வி: ஒரு கம்பெனில கதை சொன்னேன், வேணாம்னுட்டாங்க. இப்போ சீரியல்ல அதே கதை ஓடுது. எழுதி வைக்கல, சாட்சியும் இல்ல. என்ன செய்யறது?
- பேர் வேணாம்னவர், எண்ணூர்

பதில்: வயிறு எரியுது படிக்க. 2018ல வந்த சர்கார் பட விஷயம் ஞாபகம் இருக்கும். தன்னோட செங்கோல் கதைதான் அதுன்னு வருண் ராஜேந்திரன் கெளம்பினாரு, டைரக்டர் முருகதாஸ் காப்பி இல்லன்னாரு, பாக்யராஜ் தலைமையில இருந்த சினிமா எழுத்தாளர் சங்கம் ரெண்டுக்கும் அடிப்படை ஒண்ணுதான்னுச்சு, ஐகோர்ட்டு வரைக்கும் போய் கடைசில படத்துல அவர் பேர் போடறதா சமாதானமாச்சு. அவரு முன்னாடியே சங்கத்துல கதைய பதிவு பண்ணி வச்சிருந்தாரு, கையில அது இருந்ததாலதான் நிக்க முடிஞ்சுது. உங்ககிட்ட தேதி போட்ட துண்டுச்சீட்டு கூட இல்ல, பாரிமுனைல எந்த வக்கீலாண்ட போனாலும் மொத கேள்வி அதுதான் கேப்பாரு, இந்த கேஸ் கஷ்டம்தான்.

காப்பிரைட் வாங்க பதிவு கட்டாயம் இல்ல, எழுதுன ஒடனே அது உங்களுது, ஆனா எப்போ எழுதுனீங்கன்னு காட்டணும்ல. அடுத்த கதைய மொதல்ல எழுதி சங்கத்துல பதிவு பண்ணுங்க, அப்புறம் போய் சொல்லுங்க, சொல்லிட்டு வந்த அன்னிக்கு ராத்திரியே “சார், இன்னிக்கு உங்ககிட்ட சொன்ன கதை இதுதான்”னு அந்த கம்பெனிக்கே ஒரு மெயில் தட்டி விடுங்க.